ஒருவேளை சர்ச்சில் ஜெயித்திருந்தால்...

"அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா" என்பது நாமெல்லாம் கேட்டு வளர்ந்த பழமொழி. நடக்காத விஷயத்தைப் பற்றிப் பேசுகிறவன் வாயை அடைக்க இதைவிட நல்ல பழமொழி கிடையாது. வரலாற்றுப் பேராசிரியர்களும் "இப்படி நடந்திருந்தால்?" என்ற கேள்வியை அவ்வளவாக விரும்புவதில்லை. ஆனால் என்னைப் போன்ற இன்ஜினியர்களுக்கு அந்தக் கேள்விதான் பிழைப்பே. ஒரு பம்ப் நின்றுபோனால் என்ன செய்கிறோம்? வோல்டேஜ் சரியாக இருந்திருந்தால் ஓடியிருக்குமா, பேரிங் புதிதாக இருந்திருந்தால் ஓடியிருக்குமா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துத்தானே கோளாறைப் பிடிக்கிறோம்? இதில் ஒரே ஒரு விதி உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும்; மற்றதெல்லாம் இருந்தபடியே இருக்க வேண்டும்.

மலர்க் குழு நண்பர்கள் "எதையாவது எழுது, டெக்னிக்கல் மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். அதனால் அந்த விதியை எடுத்துக்கொண்டு 1946ஆம் ஆண்டுக்குப் போகிறேன். சீனியர் அண்ணன்களும் அக்காக்களும், இப்போது படிக்கிற தம்பி தங்கைகளும் கொஞ்சம் பொறுமையாகக் கூட வாருங்கள்.

லண்டனில் காலிக் கஜானா

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் ஜெயித்தது. ஜெயித்துக் கொடுத்த சர்ச்சில் 1945 ஜூலைத் தேர்தலில் தோற்றார். 640 இடங்களில் 393 இடங்களைத் தொழிற்கட்சி பிடித்தது. அட்லி பிரதமர் ஆனார். தொழிலாளர்களின் கட்சி, தொழிலாளர்களின் ஓட்டு, தொழிலாளர்களின் அரசு. இனி எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று ஜனங்கள் நம்பினார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் கஜானா காலி. 1945 ஆகஸ்டில் அமெரிக்கா தன் போர்க்கால உதவியைத் திடீரென்று நிறுத்திவிட்டது. வேறு வழியில்லாமல் 375 கோடி டாலர் கடன் வாங்கினார்கள். அந்தக் கடனின் கடைசித் தவணை கட்டப்பட்டது 2006ஆம் ஆண்டு டிசம்பரில் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! போர் நடந்தபோதுகூட ரேஷன் இல்லாத ரொட்டிக்கு, போர் முடிந்தபிறகு 1946 ஜூலையில் ரேஷன் வந்தது. 1947 பிப்ரவரியில் கடும் பனி, நிலக்கரி மின் நிலையங்களுக்குப் போய்ச் சேரவில்லை, தொழிற்சாலைகள் மூடப்பட்டன, வீடுகளில் கரண்ட் கட். இன்வெர்ட்டர் காலத்துக்கு முந்தைய நம் ஊர்க் கோடையை நினைத்துக்கொள்ளுங்கள், வெயிலுக்குப் பதில் பனி.

துறைமுகத் தொழிலாளர்கள் 1945 கடைசியிலேயே வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட்டார்கள். தொழிலாளர் அரசு என்ன செய்தது? சரக்கு இறக்கப் பட்டாளத்தை அனுப்பியது. 1948லும் 1949லும் துறைமுக வேலைநிறுத்தங்களுக்காக நெருக்கடி நிலையே பிரகடனம் செய்தது. போருக்காகக் கொண்டுவந்த 1305ஆம் எண் ஆணை என்று ஒன்று உண்டு. அது வேலைநிறுத்தத்தைத் தடை செய்வது. போர் முடிந்தும் அட்லி அரசு அதைக் கிழித்துப் போடவில்லை. 1951 வரைக்கும் பத்திரமாக வைத்திருந்தது.

அந்தக் கடனில் நம் பங்கு

"லண்டன் கதை நமக்கெதற்கு?" என்று கேட்பீர்கள். பிரிட்டன் கடன்பட்டது அமெரிக்காவுக்கு மட்டும் அல்ல. நமக்கும்தான்!

போர்க்காலத்தில் பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் துணி, தோல், தானியம் என்று வாங்கிக் குவித்தது. பணத்தை உடனே கொடுக்கவில்லை. லண்டனில் இந்தியாவின் பெயரில் பவுண்டுக் கணக்கில் வரவு எழுதி வைத்தது. அந்தக் கணக்கைக் காட்டி இங்கே ரிசர்வ் வங்கி ரூபாய் நோட்டு அடித்து, சரக்கு கொடுத்தவர்களுக்குக் கொடுத்தது. போர் தொடங்கியபோது நாட்டில் சுமார் 180 கோடி ரூபாய்க்கு இருந்த நோட்டுப் புழக்கம், போர் முடிந்த ஆண்டின் கடைசியில் 1,100 கோடியைத் தாண்டிவிட்டது. சரக்கு கப்பல் ஏறிவிட்டது, நோட்டு மட்டும் ஊரில் சுற்றுகிறது. விலை என்ன ஆகும்? எக்கனாமிக்ஸ் படிக்காத நம் பாட்டிமார்களுக்கே தெரியும்.

இதற்குமேல் 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றது. சென்னை மாகாணத்தில் வடகிழக்குப் பருவமழையும் 1945 கடைசியில் ஏமாற்றிவிட்டது. அரிசிக்கு ரேஷன், துணிக்கு ரேஷன், மண்ணெண்ணெய்க்குக் கட்டுப்பாடு. லண்டனில் ரொட்டிக்கு நின்ற வரிசையும் நம் ஊரில் அரிசிக்கு நின்ற வரிசையும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள்.

அப்போது திண்டுக்கல் மதுரை மாவட்டத்தில் ஓர் ஊர். பூட்டும் புகையிலையும் சுருட்டும் தோலும்தான் ஊரின் பிழைப்பு. பதனிட்ட தோல் இந்த மாகாணத்திலிருந்து லண்டன் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது. தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கி வேலை பார்த்தவர்கள் 1940களில் சங்கம் கட்டினார்கள். அதற்காக உழைத்தவர்களில் ஒருவரான ஏ. பாலசுப்பிரமணியம் பின்னாளில் நம் ஊர்ச் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். இந்தத் தொழிலாளர்களின் வாழ்க்கையைத்தான் டி. செல்வராஜ் 'தோல்' என்ற நாவலாக எழுதினார். 2012இல் அதற்கு சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. படிக்காதவர்கள் கட்டாயம் படியுங்கள்.

பொன்மலை, 1946 செப்டம்பர் 5

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். லண்டனைப் போலவே சென்னையிலும் 1946இல் ஜனங்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த அரசு ஒன்று இருந்தது. ஏப்ரல் கடைசியில் பிரகாசம் தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபை பதவியேற்றது. 1939இல் காங்கிரஸ் ராஜினாமா செய்ததிலிருந்து மாகாணம் கவர்னர் ஆட்சியில் இருந்தது. ஆறரை ஆண்டுக்குப்பிறகு மறுபடியும் நம்மவர் ஆட்சி.

பிரகாசம் சாதாரண ஆள் இல்லை. 1928இல் சைமன் கமிஷனை எதிர்த்துச் சென்னையில் நடந்த போராட்டத்தில், போலீஸ் துப்பாக்கிக்கு முன்னால் சட்டையைத் திறந்து நெஞ்சைக் காட்டியவர். 'ஆந்திர கேசரி' என்று பெயர் வாங்கியவர். அவருடைய தொழிலாளர் மந்திரி யார் தெரியுமா? வி.வி. கிரி. 1920களில் பெங்கால் நாக்பூர் ரயில்வேயில் பெரிய வேலைநிறுத்தத்தையே நடத்திய ரயில்வே சங்கத் தலைவர். பின்னாளில் நம் ஜனாதிபதி. இதைவிடத் தொழிலாளிக்குச் சாதகமான ஜோடி வேறு எங்கே கிடைக்கும்?

1946 ஆகஸ்ட் 24 அன்று தென்னிந்திய ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அந்தக் காலத்து ஆட்கள் வாயில் அது 'எஸ்.ஐ.ஆர்.' விலைவாசி, போர் முடிந்ததும் வந்த ஆட்குறைப்பு, சங்கத்தில் சேர்ந்தவர்களைப் பழிவாங்கியது, இவைதான் காரணம். எம். கல்யாணசுந்தரம், அனந்தன் நம்பியார் போன்றவர்கள் சங்கத் தலைவர்கள். இந்தியா முழுக்க ரயில்வே ஸ்டிரைக் என்ற அறிவிப்பு ஜூன் மாதமே கைவிடப்பட்டிருந்தது. அதனால் தெற்கு தனியாக நின்றது.

திருச்சி, திண்டுக்கல், மதுரை என்று ஓடும் நம் லைன் 1875இல் போட்டது. பொள்ளாச்சி லைன் 1928இல் வந்தது. இரண்டும் எஸ்.ஐ.ஆர். லைன்கள். அதன் இதயம் திருச்சிக்குப் பக்கத்தில் பொன்மலை ஒர்க்ஷாப். நம் ஊரிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். என் அப்பாவைப் பெற்ற தாத்தா வடமதுரைப் பக்கம் கேங்மேனாக இருந்தவர். அந்த ஒரு மாதம் வீட்டில் சோளக்கூழ்தான் என்று சொல்லியிருக்கிறார். நம்மவர் ஆட்சியாச்சே, பேசித் தீர்த்துவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் நம்பினார்களாம்.

செப்டம்பர் 2ஆம் தேதி டெல்லியில் நேரு தலைமையில் இடைக்கால அரசு பதவியேற்றது. எஸ்.ஐ.ஆர். 1944லேயே கம்பெனி கையிலிருந்து இந்திய அரசின் கைக்கு வந்துவிட்டது. ஆக, முதலாளி டெல்லி அரசு. போலீஸ் சென்னை அரசு. இரண்டு இடத்திலும் காங்கிரஸ்.

சரியாக மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 5 அன்று, பொன்மலை சங்கத் திடலில் மலபார் ஸ்பெஷல் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தியது. ஐந்து தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். பலருக்குக் காயம். அப்புறமும் வேலைநிறுத்தம் சில வாரம் நீடித்து முடிந்தது.

1947 ஜனவரியில் பிரகாசம் அரசு பொது ஒழுங்கு அவசரச் சட்டம் கொண்டுவந்து, விசாரணை இல்லாமலே தொழிற்சங்கத்தாரையும் கம்யூனிஸ்டுகளையும் பிடித்து உள்ளே போட்டது. மார்ச் மாதம் அந்த மந்திரிசபையும் உள்கட்சிச் சண்டையில் கவிழ்ந்தது. ஓமந்தூரார் வந்தார்.

முதல் சோதனை: சர்ச்சிலை நாற்காலியில் உட்கார வைப்போம்

இப்போது நம் இன்ஜினியர் விதிப்படி ஒன்றை மட்டும் மாற்றுவோம். 1945 ஜூலையில் சர்ச்சில் ஜெயித்துவிட்டார் என்று வையுங்கள். (அவர் பிடித்த சுருட்டு திண்டுக்கல் சுருட்டு என்று நம்மூர்க்காரர்கள் சொல்வார்கள். திருச்சிக்காரர்கள் விடமாட்டார்கள். அந்தப் பஞ்சாயத்து இங்கே வேண்டாம்.)

எது மாறாது? கஜானா. அமெரிக்க உதவி நின்றிருக்கும். கடன் வாங்கியிருக்க வேண்டும். பனி பெய்திருக்கும். பர்மா அரிசி வந்திருக்காது. பருவமழையும் பொய்த்திருக்கும். மழைக்கு கன்சர்வேடிவ் கட்சியும் தெரியாது, தொழிற்கட்சியும் தெரியாது. அதனால் லண்டனிலும் ஸ்டிரைக் நடந்திருக்கும், பொன்மலையிலும் நடந்திருக்கும்.

எது மாறும்? மூன்று விஷயங்கள். முதலாவது, நமக்கு வரவேண்டிய பாக்கி. சுமார் 130 கோடி பவுண்டு, அன்றைய கணக்கில் 1,700 கோடி ரூபாய்க்கு மேல். இந்தியாவைக் காப்பாற்றியதற்கு நாங்களும் பில் போடுவோம், அதில் கழித்துக்கொள்வோம் என்பதுதான் சர்ச்சிலின் மனப்போக்கு. அட்லி காலத்திலேயே கணக்கை முடக்கி வைத்துத்தான் விட்டார்கள். 1948 ஒப்பந்தத்தில் ஓய்வூதியம், இராணுவத் தளவாடம் என்று ஒரு பகுதியைக் கழித்தும்விட்டார்கள். சர்ச்சில் இருந்திருந்தால் கை இன்னும் இறுகியிருக்கும்.

இரண்டாவது, சுதந்திரத் தேதி. 1947 பிப்ரவரி 20 அன்று, வீடுகளில் கரண்ட் இல்லாத அந்த மாதத்தில்தான், 1948 ஜூனுக்குள் இந்தியாவை விட்டு வெளியேறுவோம் என்று அட்லி அறிவித்தார். சர்ச்சில் அப்படி அறிவித்திருக்கமாட்டார். ஆனால் எத்தனை நாள் இழுத்திருக்க முடியும்? 1946 பிப்ரவரியில் கப்பற்படையே கலகம் செய்தது. ஜூலையில் தபால்காரர்கள் வேலைநிறுத்தம். காசில்லாத எஜமான் கலகம் செய்யும் வேலைக்காரர்களை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் பங்களா நடத்துவார்? சில ஆண்டு தள்ளிப்போயிருக்கலாம், அதுவும் ரத்தக்களரியோடு.

மூன்றாவதுதான் என்னை யோசிக்க வைப்பது. சர்ச்சில் இருந்திருந்தால் 1946இல் சென்னையில் பிரகாசம் மந்திரிசபையே வந்திருக்காது. கவர்னர் ஆட்சி தொடர்ந்திருக்கும். பொன்மலையில் அதே மலபார் போலீஸ், அதே திடல், அதே ஐந்து பேர் என்றாலும், சுடச் சொன்னது வெள்ளைக்கார அரசு என்று ஆகியிருக்கும். அப்படி ஆகியிருந்தால் அந்த ஐவரும் சுதந்திரப் போராட்டத் தியாகிகள்! வேதாரண்யம் மாதிரி, திருப்பூர் மாதிரி, பொன்மலையும் பாடப்புத்தகத்தில் வந்திருக்கும். நாமும் இரண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்திருப்போம்.

சுட்டது நம்மவர் ஆட்சி. அதனால் அந்தச் சாவு எந்தப் பக்கத்துக் கணக்கிலும் ஏறவில்லை. நான் படித்த பள்ளிப் புத்தகம் எதிலும் அதைப் பார்த்த ஞாபகம் இல்லை. ரயில்வே சங்கத்தார் மட்டும் வருஷா வருஷம் அந்தத் திடலில் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள்.

இரண்டாவது சோதனை: ஆளை விடுவோம், கருவியை மாற்றுவோம்

சர்ச்சிலை மாற்றிப் பார்த்ததில் ஸ்டிரைக்கும் நிற்கவில்லை, துப்பாக்கியும் நிற்கவில்லை. அப்படியானால் கோளாறு நாற்காலியில் இல்லை. வேறு எங்கோ இருக்கிறது. பம்ப் விஷயத்தில் இந்த இடத்தில்தான் மூடியைக் கழற்றி உள்ளே பார்ப்போம்.

பொன்மலையில் சுட்ட மலபார் ஸ்பெஷல் போலீஸ் எதற்காக உண்டானது? 1921 மாப்பிள்ளைக் கலகத்தை அடக்க வெள்ளைக்காரன் உண்டாக்கியது. வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் அதிகாரம் எங்கிருந்து வந்தது? 1942இல் போருக்காகக் கொண்டுவந்த இந்தியப் பாதுகாப்பு விதி 81-ஏ. லண்டனில் 1305ஆம் எண் ஆணை, இங்கே 81-ஏ. அண்ணன் தம்பி மாதிரி இரண்டும் ஒரே போரில் பிறந்தவை. போர் முடிந்தும் இரண்டு அரசுகளும் அவற்றைக் கீழே வைக்கவில்லை. 81-ஏயின் சாரம் 1947 தொழில் தகராறு சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தச் சட்டம்தான் அதற்குப்பிறகு எழுபது வருஷத்துக்கும் மேல் நம் தொழிற்சாலைகளை ஆண்டது. அதற்குப் பதிலாகத் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பை நாடாளுமன்றம் 2020இல்தான் நிறைவேற்றியது.

இப்போது இதை மட்டும் மாற்றிப் பாருங்கள். பிரகாசமே பிரதமர் (அப்போது மாகாண முதல்வரை அப்படித்தான் அழைத்தார்கள்), கிரியே மந்திரி, அரிசிப் பஞ்சமும் அப்படியே. ஆனால் பதவியேற்ற முதல் வாரமே, "வேலைநிறுத்தம் நடக்கிற இடத்துக்கு ஆயுதப் போலீஸ் போகாது, தகராறு இருந்தால் மந்திரி போவார்" என்று ஓர் உத்தரவு. கிரி ரயில்வே தொழிலாளியின் பாஷை தெரிந்தவர். பொன்மலை வரை வந்து பேசியிருந்தால்? ரயில்வே மத்திய அரசின் கையில் என்பதால் சம்பளத்தை அவரால் ஏற்ற முடிந்திருக்காது. விலைவாசியையும் அவரால் இறக்க முடிந்திருக்காது. வேலைநிறுத்தம் நடந்தே தீர்ந்திருக்கும். ஆனால் ஐந்து பேர் வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள். சம்பளப் பிரச்சினைக்கு 1946 மே மாதமே வரதாச்சாரியார் தலைமையில் சம்பளக் கமிஷன் போட்டாகிவிட்டது. அடுத்த வருஷம் அந்தக் கமிஷன் குறைந்தபட்சச் சம்பளம் பஞ்சப்படியோடு 55 ரூபாய் என்று பரிந்துரைத்தது. பேசுவதற்கு விஷயம் இருந்தது என்பதற்கு இதுவே சாட்சி.

இது வெறும் கற்பனை என்று சொல்லிவிட முடியாது. லண்டனில் கிட்டத்தட்ட அப்படித்தான் போனது. அட்லி அரசும் ஸ்டிரைக்கை உடைக்கப் பட்டாளத்தை அனுப்பியது, ஆனால் மூட்டை தூக்க அனுப்பியது. 1951இல் 7 துறைமுகத் தொழிலாளர்கள் மேல் அந்த 1305இன் கீழ் வழக்குப் போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் வழக்கும் கைவிடப்பட்டது, சில மாதத்தில் ஆணையும் போனது. காலம் கடந்தாவது கருவியைக் கீழே வைத்தார்கள்.

கிரியும் இதில் ஒரு முடிவுக்கு வந்தார் என்று நினைக்கிறேன். முதலாளியும் தொழிலாளியும் நேருக்கு நேர் பேசித் தீர்க்க வேண்டும், கட்டாயத் தீர்ப்பு தொழிற்சங்கத்துக்கு எதிரி என்று கடைசிவரை வாதாடியவர் அவர். 1954இல் மத்திய தொழிலாளர் மந்திரியாக இருந்தபோது, வங்கி ஊழியர்களுக்குச் சாதகமான தீர்ப்பை அரசு திருத்தியது பிடிக்காமல் பதவியையே ராஜினாமா செய்தார்.

கருவி இன்னும் மேஜைமேல் இருக்கிறது

1974 மே மாதம் அகில இந்திய ரயில்வே வேலைநிறுத்தம். ஆயிரக்கணக்கில் கைது. 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தம். ஒன்றேமுக்கால் லட்சம் பேரை ஒரே வீச்சில் டிஸ்மிஸ் செய்தார்கள். அப்போது பள்ளியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும், ஒரு காலை பள்ளிக்கூடத்தில் பாதி ஆசிரியர்கள் இல்லை. பிறகு உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டில் பெரும்பாலோர் திரும்ப வந்தார்கள். அதே நீதிமன்றம், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய உரிமை இல்லை என்றும் அந்த வழக்கில் சொன்னது.

நான் ஸ்டிரைக் எல்லாம் சரி என்று வாதாட வரவில்லை. நானும் ஒரு பிளான்ட்டில் வேலை பார்க்கிறவன். மிஷின் நின்றால் மேலே யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். காலிக் கஜானாவோடும் காலிக் களஞ்சியத்தோடும் உட்கார்ந்திருந்த பிரகாசத்தின் கஷ்டமும் புரிகிறது. ஆனால் கெட்டவர்கள் கையில் இருக்கும் கெட்ட கருவியைப் பார்த்து நாம் பயப்படுகிறோம். நல்லவர்கள் அதே கருவியைக் கையில் எடுக்கும்போது, நம்ம ஆள்தானே என்று விட்டுவிடுகிறோம். 1928இல் துப்பாக்கிக்கு முன்னால் நெஞ்சைக் காட்டியவரின் ஆட்சியிலேயே 1946இல் அதே போலீஸ் சுட்டது என்றால், யாருக்கு வேண்டுமானாலும் அது நடக்கலாம். நம்மில் நாளைக்கு மேனேஜர் ஆகிறவருக்கும், கலெக்டர் ஆகிறவருக்கும், மந்திரி ஆகிறவருக்கும்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். எல்லாக் கல்லூரியிலும் போல நம் கல்லூரியிலும் அன்றைக்குக் கொண்டாட்டம்தான். அதே நாள் வ.உ.சி. பிறந்த நாளும்கூட. கப்பல் விட்டவர் என்று மட்டும்தான் அவரைப் பலருக்குத் தெரியும். 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்று வழிநடத்தியவரும் அவரே. பொன்மலை ஐவர் விழுந்ததும் அதே தேதிதான். அடுத்த ஆசிரியர் தின விழாவில் மைக் பிடிக்கிறவர் இந்த மூன்றையும் சேர்த்து இரண்டு நிமிஷம் பேசட்டும். முடிந்தால் திண்டுக்கல் ஜங்ஷனில் ரயில் ஏறி ஒருமுறை பொன்மலைக்குப் போய்விட்டு வாருங்கள். காலையில் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் ஹாஸ்டல் திரும்பிவிடலாம்.